நம்ம குளமும் அதைச் சுத்தின நிலமும்



மலர் வேலை ஆரம்பித்தபோது, "நம்ம பகுதி வரலாறு ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். வரலாறு என்றால் ராஜா, கோட்டை, சண்டை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் நம்ம குளங்களின் வரலாற்றை எழுதுகிறேன். மாதக் கூட்டத்தில் குளத்துப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார்: "தூர் வாரிட்டா தண்ணி சரியாயிடுமுங்களா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டி இருக்கிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குளத்துத் தண்ணீர் தானாகக் கெடுவதில்லை. சுற்றியுள்ள நிலத்தில் நாம் எதைச் செய்கிறோமோ, அது மழையோடும் சாக்கடையோடும் வந்து குளத்தில் வரவாகிறது. நம்ம குழு பாஸ்புத்தகம் மாதிரிதான். வரவு எங்கே இருந்து வருகிறது என்று பார்க்காமல் கடைசி இருப்பை மட்டும் பார்த்துத் திட்டிக்கொண்டு இருந்தால் கணக்கு நேராகாது.

நொய்யல் கொடுத்த குளங்கள்

வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிறது நொய்யல். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு இல்லை இது. மழை பெய்தால் சில நாட்கள் சீறிக்கொண்டு வரும், பிறகு அடங்கிவிடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள நம் முன்னோர் ஆற்றின் குறுக்கே சின்னச் சின்ன அணைக்கட்டுகளைக் கட்டினார்கள். சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், கோயம்புத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று அந்த அணைக்கட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றில் இருந்தும் ஒரு வாய்க்கால், வாய்க்காலின் வழியில் குளங்கள்.

சித்திரைச்சாவடி வாய்க்காலில் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, முத்தண்ணன் குளம் என்று போகும். அதற்குக் கீழே உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம். இன்னும் கீழே குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர், சூலூர். பெரியகுளம் மட்டுமே சுமார் 320 ஏக்கர். சோழர் காலத்துக் குளங்கள் என்று நம் பக்கத்தில் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்குப் போகும், அல்லது திரும்ப ஆற்றுக்கே போகும். மேல் குளத்துக்காரர் விட்ட தண்ணீரைத்தான் கீழ்க் குளத்துக்காரர் குடிக்க வேண்டும். நல்ல தண்ணீரும் அப்படித்தான் வரும், கெட்ட தண்ணீரும் அப்படித்தான் வரும்.

தோட்டமும் வயலும் இருந்த காலம்

நான் சூலூர் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். குளத்துக்குக் கீழே கிணற்றில் எந்நேரமும் தண்ணீர் கிடக்குமாம். "குளம் ரொம்பினா கெணறு ரொம்புமுங்க கண்ணு, வேற கணக்கே இல்ல" என்று என் மாமியார் சொல்லுவார். கோடையில் குளம் வற்றினதும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வந்து வயலில் கொட்டுவார்களாம். காசு கொடுத்து உரம் வாங்காத காலத்தில் அந்த வண்டல்தான் எரு.

இதை இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் ஒரு நல்ல கணக்கு அதில் இருக்கிறது. வயலில் இருந்து மண்ணும், தழையும், சாணமும் மழையில் அடித்துக்கொண்டு குளத்துக்கு வந்தது. அது அடியில் படிந்தது. மறுபடியும் அதையே அள்ளி வயலுக்குக் கொண்டுபோனார்கள். குளத்துக்கு வந்த சத்து குளத்திலேயே தேங்கவில்லை. வருடத்தில் சில மாதம் குளம் காய்ந்து வெயில் பட்டதால், அடியில் கிடந்த அழுகல் காற்றுப் பட்டு மக்கிப் போனது. வரவும் செலவும் வருடா வருடம் நேரானது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. எல்லா ஜனங்களும் எல்லாத் துறையிலும் இறங்கித் தண்ணீர் மொள்ள முடியாத காலம் அது. காலராவும் பேதியும் தண்ணீர் வழியாகத்தான் வந்தன. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் பெண்கள்தான். ஆனால் குளம் கெட்டால் தன் வயல் கெடும் என்று தெரிந்த மனிதர்கள் அன்றைக்குக் குளத்தைச் சுற்றி இருந்தார்கள். மதகு திறக்க ஆள் இருந்தது, வாய்க்கால் தூர்ந்தால் சத்தம் போட ஆள் இருந்தது.

குழாய் வந்தது, காவல் போனது

1888-ல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. 1920-களின் கடைசியில் சிறுவாணித் தண்ணீர் குழாயில் நகரத்துக்கு வந்தது. 1930-களில் பைகாராவில் இருந்து மின்சாரம் வந்ததும், பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் ஆலைகள் பெருகின. ஆலைக்கு ஆள் வந்தார்கள், ஆளுக்கு வீடு வந்தது, பவுண்டரியும் பட்டறைகளும் வந்தன. 1981-ல் கோவை மாநகராட்சி ஆனது. வயலும் தோட்டமும் சைட்டு சைட்டாகப் போனது.

சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு பெரிய வரம் என்று நமக்குத் தெரியும். அந்த ருசிக்கு ஈடு இல்லை என்று ஊரே பேசும். பெண்கள் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தது குழாயால்தான். ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியே போகும் என்பது என்ஜினியர்கள் போடும் பொதுக் கணக்கு. வருகிற குழாயைப் போட்ட வேகத்தில், போகிற குழாயைப் போடவில்லை. அதனால் கழிவு பள்ளத்தைத் தேடிப் போனது. பள்ளத்தில் இருந்தவை முன்னோர் வெட்டின வாய்க்கால்கள். நல்ல தண்ணீர் கொண்டுவர வெட்டின அதே வாய்க்கால், சாக்கடையைக் கொண்டுபோய் அதே குளத்தில் விட்டது. நகரத்துக்கு நடுவே ஓடுகிற சங்கனூர் பள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. பாசன நிலம் வீடாக மாறினதும், குளத்துத் தண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை. குடிக்கச் சிறுவாணி இருக்கிறது, வயலே இல்லை. பிறகு வண்டல் அள்ள யார் வருவார்கள்? குளத்துக்கு வரவு மட்டும் நின்றபாடில்லை, செலவு நின்றுபோனது.

தண்ணிக்குள்ளே நடப்பது என்ன?

மழை மண்ணில் விழுந்தால் கொஞ்சம் உள்ளே இறங்கும், கொஞ்சம் புல்லிலும் செடியிலும் தேங்கும், மீதி மெதுவாக ஓடிவரும். வரும் வழியிலேயே அழுக்கு வடிகட்டப்படும். அதே மழை கான்கிரீட்டிலும் தார் ரோட்டிலும் விழுந்தால், ரோட்டில் கிடக்கிற ஆயில், பிளாஸ்டிக், குப்பை எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்து சேரும். குளத்தைச் சுற்றி எவ்வளவு மண் திறந்து கிடக்கிறது, எவ்வளவு மூடிக் கிடக்கிறது என்பதிலேயே தண்ணீரின் தரம் பாதி முடிவாகிவிடுகிறது.

அடுத்தது சத்து. மனிதக் கழிவு, மாட்டுக் கழிவு, சோப்புத் தண்ணீர், மேலே தோப்புகளில் அளவுக்கு மேல் போடுகிற யூரியா, டி.ஏ.பி. இவற்றில் எல்லாம் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. வயலில் பயிரை வளர்ப்பது எதுவோ, அதுவே குளத்தில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது. ஆகாயத்தாமரை நம் நாட்டுச் செடியே அல்ல, தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. பச்சைக் கம்பளம் மாதிரி மூடிக்கொள்ளும். அதற்கு அடியில் வெளிச்சமும் போகாது, காற்றும் சரியாகக் கலக்காது. செடி அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை அழுகல் கிருமிகள் தின்றுவிடும். இரவில் அது இன்னும் குறையும். விடியக்காலையில் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் இதனால்தான். யாரோ விஷம் கலந்துவிட்டதாகத்தான் ஊரில் பேச்சு கிளம்பும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விஷமே கலக்காமல், வெறும் சாக்கடையே இதைச் செய்யும்.

இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். அழுக்கு மக்குவதற்குத் தேவைப்படுகிற ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. குளத்துத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் அறிக்கையில் இந்த இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள்.

இன்னொரு மயக்கமும் நமக்கு உண்டு. "முன்னெல்லாம் கோடைல காஞ்சு கெடக்கும், இப்பப் பாருங்க, வருசம் பூரா தண்ணி நிக்குது" என்று சந்தோஷமாகச் சொல்கிறோம். மழையே இல்லாத சித்திரை மாதத்திலும் நகரத்துக் குளம் ததும்பினால், அந்தத் தண்ணீர் எந்த மேகத்தில் இருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வண்டலின் கதையும் மாறிவிட்டது. முலாம் பூசுகிற பட்டறை, நகைப் பட்டறை மாதிரியான இடங்களில் இருந்து குரோமியம் போன்ற உலோகங்கள் கழிவோடு வந்தால், அவை மக்குவதே இல்லை. சேற்றோடு சேற்றாக அடியில் தங்கிவிடும். நம் பாட்டிமார் தங்கம் மாதிரி அள்ளிப் போன வண்டலை, பட்டறைக் கழிவு சேருகிற குளத்தில் இன்றைக்கு மண் பரிசோதனை செய்யாமல் காய்கறித் தோட்டத்தில் கொட்டக் கூடாது.

ஒரத்துப்பாளையம் சொல்லும் பாடம்

சாக்கடையைக்கூட ஒருவழியாக மக்கவைத்துவிடலாம். மக்காத ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அது ஒரத்துப்பாளையம் அணை. சென்னிமலைப் பக்கம் நொய்யலின் குறுக்கே, ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களின் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்தார்கள். அணையின் கட்டுமானத்தில் குறை இல்லை. ஆனால் அதே வருடங்களில் மேலே திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்துகொண்டு இருந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் வந்தன.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். அதுவும் மூட்டை மூட்டையாக. அன்றைக்கு இருந்த சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்புப் போகாது. குழம்பில் உப்புக் கூடிப்போனால் எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் குறையாது, இன்னும் கூடும் என்று நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அணையில் தேங்கிய தண்ணீரும் வெயிலில் அப்படித்தான் சுண்டியது. பாசனத்துக்குக் கட்டின அணையின் தண்ணீரை, "எங்க காட்டுக்குத் திறந்துவிடாதீங்க" என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. சுற்று வட்டாரக் கிணறுகளும் உப்பாகின.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்கிற நிபந்தனையை 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் கெடு வைத்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

அந்த உத்தரவை நாம் இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். நம் குழுக்களிலேயே பனியன் கம்பெனிக்குப் போய் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இருக்கிறோம். உப்புத் தண்ணீரால் தோட்டத்தை விட்டவர்களின் மகள்களும் இருக்கிறோம். கெடுத்தவர் வேறு, கெட்டவர் வேறு என்று ஒரு கோடு போட முடியாது. சவ்வு வழியாக உப்பைப் பிரித்துத் தண்ணீரைத் திரும்ப உபயோகிக்கிற முறைக்கு மாறி, பட்டறைகள் மறுபடி ஓடின. செலவு அதிகம்தான். அதை ஆரம்பத்திலேயே தொழிலின் கணக்கில் சேர்த்திருந்தால், ஒரு அணையும் அத்தனை கிணறுகளும் அந்தச் செலவைச் சுமந்திருக்காது.

சீர் செய்த கதைகள்

மனம் தளர வேண்டியதில்லை. 2003-ல் சிறுதுளி அமைப்பு தொடங்கி, குளங்களைத் தூர் வாரும் வேலை ஒரு இயக்கமாக வளர்ந்தது. 2010-ல் எட்டுக் குளங்கள் பொதுப்பணித் துறையிடம் இருந்து மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. 2013-ல் வறண்டு கிடந்த உக்கடம் பெரியகுளத்தில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் இறங்கி மண் அள்ளினார்கள். வெள்ளலூர் குளத்தை கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் வாரா வாரம் போய் வேலை செய்து மீட்டார்கள். கரையில் அடர்வனம் வந்தது, பட்டாம்பூச்சிகள் வந்தன. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. திருப்பூர் பக்கம் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் மதிப்புள்ள ஈரநிலம் என்று பொருள்.

2016-ல் ஸ்மார்ட் சிட்டித் திட்டம் வந்து பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார நல்ல இடம், நானும் போயிருக்கிறேன். அதே காலத்தில் முத்தண்ணன் குளம் மாதிரியான கரைகளில் தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களை எடுத்து, கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற தூரத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வேலைக்கு, பள்ளிக்கு என்று அந்தப் பெண்கள் பட்ட பாடு தனிக் கதை. கரையில் இருந்த குடிசை கண்ணுக்குத் தெரிந்தது. தூரத்துத் தெருக்களில் இருந்து மண்ணுக்கடியில் குழாய் வழியாக வந்த கழிவு கண்ணுக்குத் தெரியவில்லை. குடிசை போன பிறகும் தண்ணீர் நாறினால், கேள்வி மேட்டுத் தெருவை நோக்கித்தான் போக வேண்டும்.

இதற்கு வெளியூரில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டி வாஷிங்டன் ஏரி என்று ஒன்று. 1950-களில் சுற்றியிருந்த ஊர்களின் சாக்கடை அதில் விழுந்து, பாசி கட்டி நாறியது. 1958-ல் அந்த மக்கள் ஓட்டுப்போட்டு, ஊர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு அமைப்பை உண்டாக்கினார்கள். 1963-ல் இருந்து 1968-க்குள் ஏரிக்கு வந்த சாக்கடை முழுவதையும் திருப்பி, வேறு இடத்தில் சுத்திகரித்துக் கடலுக்கு அனுப்பினார்கள். 1964-ல் முக்கால் மீட்டர் ஆழம்கூடச் சரியாகத் தெரியாமல் இருந்த தண்ணீர், 1968-ல் சுமார் 3 மீட்டர் ஆழம் வரை தெளிந்தது. அவர்கள் ஏரிக்குள்ளே மருந்து எதையும் கொட்டவில்லை. வரவை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டியவை

"தூர் வாரினா சரியாயிடுமுங்களா?" என்ற கேள்விக்கு என் பதில் இது. தூர் வாரினால் ஆழம் கூடும், தண்ணீர் அதிகம் பிடிக்கும். நூறு நாள் வேலையில் மண் சுமந்த நம் பெண்களின் உழைப்பு வீண் இல்லை. ஆனால் சாக்கடை வந்து விழுகிற குளத்தில் தூர் மட்டும் வாரினால், அதிகச் சாக்கடை பிடிக்கிற குளம்தான் மிஞ்சும்.

அதனால் நம்ம குழுக்கள் குளத்தைப் பார்க்கப் போகும்போது கரையில் நின்றுவிடாமல், தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடக்க வேண்டும். நடக்கும்போது நாலு விஷயங்களை நோட்டில் எழுதலாம். எந்த இடத்தில் வீட்டுக் கழிவு வாய்க்காலில் சேருகிறது? செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது? எந்தப் பட்டறை, எந்தக் கோழிப் பண்ணை, எந்தத் தோப்பு வாய்க்காலை ஒட்டி இருக்கிறது? வாய்க்கால் ஓரத்தில் புல், மரம் உள்ள மண் எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு?

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போகலாம். இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். "குளத்தைத் தூர் வாருக" என்கிற தீர்மானத்தோடு, "குளத்துக்கு வரும் கழிவைச் சுத்திகரித்த பிறகே விடுக", "வருடம் இருமுறை தண்ணீரைச் சோதித்து முடிவைப் பலகையில் எழுதி வைக்க" என்று இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லலாம். சைட்டு பிரித்து விற்கிற இடத்துக்கு ஊராட்சி அனுமதி கொடுக்கும் முன், "சாக்கடை எங்கே போகும்?" என்று கேட்கலாம்.

நம் பங்குக்கு, வீட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் குழியில் விடலாம், வாழை, கீரைக்குப் பாய்ச்சலாம். மாடு வைத்திருக்கிறவர்கள் சாணத்தை வாய்க்கால் ஓரத்தில் குவிக்காமல் இருக்கலாம். குழுக் கடனில் கழிப்பறை கட்டுகிறவர்களிடம், தொட்டியின் வெளிப்போக்குக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பிரதிநிதி ஒரு வார்த்தை கேட்கலாம்.

தமிழ்நாட்டில் நம்ம குழு இயக்கம் 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்தது. அன்றைக்கு, "பொம்பளைங்க சேர்ந்து கணக்கு வெச்சு என்னத்தக் கிழிக்கப் போறாங்க" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு வங்கி மேலாளர் எழுந்து நின்று நம் கணக்கைப் பார்க்கிறார். யார் எவ்வளவு போட்டார், யார் எவ்வளவு எடுத்தார் என்று ஒரு ரூபாய் விடாமல் எழுதி வைக்கத் தெரிந்தவர்கள் நாம். குளத்துக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு நோட்டு போட்டுவிட்டால், அடுத்த மலரில் இந்தக் கட்டுரையின் மீதியை நம் மகள்கள் எழுதுவார்கள்.